அகழெலி எதற்குத் தோண்டுகிறது, எப்படித் தோண்டுகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: புல்வெளியில் ஒரே வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மண்மேடுகள் எழும்பிவிட்டன. ஐரோப்பிய அகழெலியின் (ஆங்கிலத்தில் மோல்) வேலை என்கிறார்கள். இத்தனை மேடுகளைப் போட எத்தனை அகழெலிகள் இருக்கும்? கண் தெரியாத அந்த எலி எதைத் தேடி ஓயாமல் தோண்டுகிறது? விரட்ட வழி உண்டா?

முதல் கேள்விக்கு விடை எளிது. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது கேள்வியில் மூன்று திருத்தங்கள் தேவைப்படுகின்றன. அது எலி அல்ல, முழுக் குருடும் அல்ல, ஓயாமல் தோண்டுவதும் கிடையாது. மூன்றாவது திருத்தம்தான் முக்கியமானது. அதைப் பிடித்துக்கொண்டால் இந்த விலங்கின் உடம்பு ஏன் இவ்வளவு விசித்திரமாக அமைந்திருக்கிறது என்பதும், விரட்டுவது ஏன் இவ்வளவு சிரமம் என்பதும் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் குலம் கோத்திரம். எலி, பெருச்சாளி, அணில் எல்லாம் கொறித்துண்ணிகள்; வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் உளிப்பற்கள் அவற்றின் அடையாளம். அகழெலிக்கு அப்படிப்பட்ட பற்கள் இல்லை. ஊசி ஊசியாக 44 பற்கள் இருக்கின்றன. எல்லாம் இரையைப் பிடித்துத் துண்டாக்குவதற்கானவை. வேரையோ கிழங்கையோ அது தின்பதில்லை. மூஞ்சூறும் முள்ளெலியும்தான் அதன் சொந்தங்கள். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் டால்பா யூரோப்பியா என்று பெயரிட்ட இந்த இனம் பிரிட்டனிலிருந்து ரஷ்யா வரை பரவியிருக்கிறது. அயர்லாந்தில் இல்லை; பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது அகழெலி அந்தத் தீவைச் சென்றடைந்திருக்கவில்லை. டால்பிடே என்னும் இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 60 இனங்கள் உண்டு. இமயமலைச் சரிவுகளிலும் ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் அதன் உறுப்பினர்கள் வாழ்கின்றனர்.

ஆப்பிரிக்காவில் பொன்னிற அகழெலி என்று ஒன்று இருக்கிறது. அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. வம்சாவளியில் அது யானைக்கு நெருக்கமானது. ஆஸ்திரேலியாவின் மணல் நிலங்களில் கங்காருவைப் போல வயிற்றுப் பை உள்ள ஓர் அகழெலி உண்டு. பூச்சி உலகத்தில் பிள்ளைப்பூச்சியின் முன்னங்கால்களைப் பார்த்தாலும் அதே மண்வெட்டி அமைப்புதான். மண்ணுக்குள் வாழத் தொடங்கிய உயிர்களை மண் ஒரே மாதிரி வார்த்துவிடுகிறது. உருவ ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடினால் ஏமாந்துபோவோம்.

இப்போது மூன்றாவது திருத்தத்துக்கு வருகிறேன். அகழெலி மண்புழுவைத் துரத்திக்கொண்டு மண்ணைக் குடைகிறது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. வட அமெரிக்காவில் பாக்கெட் கோஃபர் என்றொரு வளைதோண்டும் கொறித்துண்ணி உண்டு. 1979-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த விலங்கு ஒரு குறிப்பிட்ட தூரத்தைத் தோண்டிக் கடப்பதற்கு, அதே தூரத்தை நடந்து கடப்பதைவிட 360 முதல் 3,400 மடங்கு வரை ஆற்றல் செலவாகும் என்று கணக்கிட்டது. மண் எவ்வளவு இறுகியது என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். அகழெலியும் அதே மண்ணோடு மல்லுக்கட்டும் விலங்குதான். ஒவ்வொரு புழுவுக்கும் புதிதாகத் தோண்டினால், தின்ற புழு தோண்டிய செலவுக்கே போதாது.

ஆகவே அது ஒரு தடவை தோண்டிவிட்டு, அந்தச் சுரங்கத்தை நெடுங்காலம் பயன்படுத்துகிறது. சிலந்தி வலையைப் பின்னிவிட்டு இரைக்காகக் காத்திருப்பது போல, சுரங்க வலைப்பின்னலை அமைத்துவிட்டு அதில் ரோந்து போகிறது. மண்ணுக்குள் நகரும் புழுக்களும் வண்டுகளின் புழுப்பருவங்களும் சுரங்கத்தின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகின்றன. அந்த வழியாக வரும் அகழெலி பொறுக்கிக்கொள்கிறது. இரை வளமான மேய்ச்சல் நிலங்களில், நன்றாக அமைந்த சுரங்கத்தை வைத்திருக்கும் அகழெலி வாரக்கணக்கில் ஒரு மண்மேடுகூடப் போடாமல் இருக்கலாம். மேடே இல்லாத நிலத்தில் அகழெலியும் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

அப்படியானால் ஒரே வாரத்தில் பன்னிரண்டு மேடுகள் எழுவது எதைக் காட்டுகிறது? புதிதாகக் குடிவந்த ஒன்று தன் வலையை அமைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அல்லது வறட்சியாலோ உறைபனியாலோ புழுக்கள் ஆழத்துக்குப் போய்விட, பழைய அகழெலி கீழ்த்தளத்தைச் செப்பனிடுகிறது. அல்லது இனப்பெருக்கக் காலத்தில் ஓர் ஆண் இணையைத் தேடிக் கிளம்பியிருக்கிறது. மேடுகளின் எண்ணிக்கை வெளியே வந்த மண்ணின் அளவைக் காட்டும். விலங்குகளின் எண்ணிக்கையைக் காட்டாது.

சுரங்கங்கள் இரண்டு வகை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஓடுபவை ஒரு வகை. இதில் அகழெலி மண்ணை வெளியேற்றுவதே இல்லை. முதுகாலும் கைகளாலும் மண்ணை மேல்நோக்கி நெம்பிக்கொண்டு போகிறது. தரையில் நீளமான வரப்பு போல ஒரு வீக்கம் தெரியும். உழுது பொலபொலப்பாகக் கிடக்கும் நிலத்தில் இதை நிறையக் காணலாம். இவை பெரும்பாலும் தற்காலிகமானவை. மற்றொரு வகை, பத்து சென்டிமீட்டரில் தொடங்கி அரை மீட்டர், சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழம் வரை அடுக்கடுக்காக ஓடும் நிலையான சுரங்கங்கள். விட்டம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். விலங்கின் உடம்பு சரியாக நுழையும் அளவு. ஓர் அகழெலியின் சுரங்கங்களை நீட்டி அளந்தால் நூறு, இருநூறு மீட்டர் வரும்.

ஆழத்தில் தோண்டும்போது மண்ணை எங்காவது கொட்டியாக வேண்டும். தோண்டிய மண்ணை முதலில் பின்னங்கால்களால் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஓரளவு சேர்ந்ததும் அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே உடம்பைச் சுருட்டித் திரும்பி, ஒரு கையின் உள்ளங்கையை விரித்துக் குவியலைத் தள்ளிக்கொண்டு போகிறது. சுரங்கத்திலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு புகைபோக்கி போன்ற வழி இருக்கும். அதன் வழியாக மண்ணை மேலே உந்துகிறது. அதுதான் நாம் பார்க்கும் மேடு. தள்ளிய மண்ணாலேயே அந்த வழி அடைபட்டுவிடுவதால் மேட்டில் திறந்த துளை இருக்காது. தரையில் திறந்த வளை தெரிந்தால் அங்கே இருப்பது பெரும்பாலும் வேறு விலங்கு. மேட்டைக் கலைத்துவிட்டு அகழெலி தலைநீட்டும் என்று காத்திருப்பவர்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள். மண் கொட்டும் வழி அது, வாசல் கிடையாது.

தோண்டும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பதினொன்று முதல் பதினாறு சென்டிமீட்டர் நீளமும் 70 முதல் 130 கிராம் எடையும் உள்ள இந்தச் சிறு உடம்பில் பாதி பலம் தோளில்தான் இருக்கிறது. கழுத்து தெரியாது, தலை முடிந்ததும் தோள் தொடங்கிவிடும். மேற்கை எலும்பு மற்றப் பாலூட்டிகளில் நீண்ட உருளையாக இருக்கும். அகழெலியிலோ அது குட்டையாக, அகன்று, ஏறக்குறைய சதுரத் தகடாக இருக்கிறது. தனியாக எடுத்துக் காட்டினால் அதை ஒரு கை எலும்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தசைகள் பற்றிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காக இந்த அகலம். மார்பெலும்பின் நடுவே பறவைகளுக்கு இருப்பது போல ஒரு முகடு உண்டு. அதுவும் தசைக்கான பிடிமானம்தான். காறை எலும்பு நேரே மேற்கை எலும்போடு மூட்டாக இணைந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டால் கை முன்னும் பின்னும் வீசுவதற்குப் பதிலாக, மேற்கை எலும்பு தன் அச்சிலேயே சுழல்கிறது; உள்ளங்கை பக்கவாட்டில் மண்ணைப் பிளந்து ஒதுக்குகிறது. தண்ணீரில் மார்பு நீச்சல் அடிப்பவரின் கைவீச்சை இறுகிய மண்ணில் செய்வதாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு கை தோண்டும்போது மற்றக் கையும் பின்னங்கால்களும் சுவரில் ஊன்றிக்கொள்ளும்.

உள்ளங்கை எப்போதும் வெளிப்பக்கம் பார்த்தபடி திரும்பியே இருக்கும். ஐந்து விரல்களிலும் உறுதியான நகங்கள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் அரிவாள் வடிவத்தில் ஆறாவதாக ஒரு ‘விரல்’ இருக்கிறது. அதில் கணுக்கள் இல்லை. மணிக்கட்டிலுள்ள சிறிய எலும்பு ஒன்று நீண்டு உருவானது. 2011-இல் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவளர்ச்சியின் படிநிலைகளைப் பார்த்தபோது, உண்மையான ஐந்து விரல்களும் உருவான பிறகே இது வளரத் தொடங்குகிறது என்று கண்டார்கள். மண் அள்ளும் பரப்பை இது அகலப்படுத்துகிறது. தரையில் நடக்கும்போதோ இந்தக் கை ஒரு சுமை. கட்டைவிரல் பக்கத்து விளிம்பை ஊன்றித் துடுப்புப் போடுவது போல நகர்கிறது. பார்க்கப் பரிதாபமாக இருக்கும். சுரங்கத்துக்குள் அதே விலங்கு சரசரவென்று ஓடும்.

ரோமத்தையும் சொல்லியாக வேண்டும். பூனையை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் மயிர் சிலிர்த்துக்கொள்ளும். அகழெலியின் ரோமம் செங்குத்தாக, ஒரே நீளத்தில், அடர்த்தியாக நிற்பதால் எந்தத் திசையிலும் படியும். சுரங்கத்தில் பின்னோக்கி ஓடினாலும் மயிருக்குள் மண் ஏறாது. இந்த வெல்வெட் தன்மைக்காகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் தோலுக்குப் பெரிய சந்தை இருந்தது. ஒரு மேலாடைக்கு நூற்றுக்கணக்கான தோல்கள் தேவைப்பட்டன.

அடுத்து மூச்சு. மண்ணுக்குள் ஆக்ஸிஜன் குறைவு, விலங்கு வெளிவிட்ட கரியமில வாயு தேங்கி நிற்கும். கடும் உழைப்பும் அங்கேதான். ஐரோப்பிய அகழெலியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகுதி. உடல் எடைக்கு ரத்தத்தின் அளவும் அதிகம். வட அமெரிக்காவின் கிழக்கு அகழெலியை ஆராய்ந்த கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகக் குழுவினர், 2010-இல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள். ஹீமோகுளோபினில் ஏற்பட்ட சிறு மாற்றத்தால், அந்த விலங்கின் ரத்தம் கரியமில வாயுவை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமக்க முடிகிறது. தான் வெளிவிட்ட காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டிய விலங்குக்கு இது பெரிய வசதி.

கண்ணுக்கு வருகிறேன். ஐரோப்பிய அகழெலிக்குக் கண் உண்டு; குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ரோமத்துக்குள் மறைந்து கிடப்பதால் இல்லை என்று தோன்றும். அதனால் உருவங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆனால் வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறியும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் ஐபீரிய அகழெலியின் கண்ணைத் தோல் மூடியே இருக்கிறது. வெளிக்காது கிடையாது, நீட்டிக்கொண்டிருக்கும் மடல் சுரங்கத்தில் மண் வாரும் கரண்டியாகிவிடும். குட்டையான வாலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு போகும். வாலின் மயிர்கள் சுரங்கத்தின் கூரையைத் தொட்டபடி வரும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான புலன் மூக்கின் நுனி. மயிரற்ற இளஞ்சிவப்பு நிறமான அந்த நுனி முழுக்கச் சிறு சிறு குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழின் கீழும் தோல் செல்கள் தூண் போல அடுக்கப்பட்டு, நரம்பு முனைகள் அவற்றுக்குள் ஏறி நிற்கின்றன. ஜெர்மானிய விலங்கியலாளர் தியோடர் ஐமர் 1871-இல் இவற்றை விவரித்தார். அன்றிலிருந்து ஐமர் உறுப்புகள் என்றே பெயர். இந்தப் புலன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வட அமெரிக்காவின் நட்சத்திர மூக்கு அகழெலி சாட்சி. அதன் மூக்கைச் சுற்றி 22 சதைக் கதிர்கள்; அவற்றில் சுமார் 25,000 ஐமர் உறுப்புகள். அமெரிக்க நரம்பியலாளர் கென்னத் கட்டானியாவும் அவரது சக ஆய்வாளரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது ஓர் இரையைத் தொட்டு, உண்ணத்தக்கதா என்று முடிவு செய்து, விழுங்க எடுத்துக்கொண்ட மிகக் குறைந்த நேரம் 120 மில்லி விநாடி. கண் சிமிட்டுவதே அதைவிட நிதானமான வேலை.

மோப்பத்திலும் ஒரு வியப்பு உண்டு. கிழக்கு அகழெலியின் ஒரு நாசித் துளையை அடைத்தபோது, இரையை நோக்கி நேராகப் போகாமல் திறந்திருந்த துளையின் பக்கமாக விலகிப் போனது. இரண்டு துளைகளுக்கும் வரும் வாசனையைக் குறுக்காக மாற்றி அனுப்பியபோது தடுமாறியது. நாம் இரண்டு காதுகளால் ஒலியின் திசையை அறிவதைப் போல, அது இரண்டு நாசிகளால் வாசனையின் திசையை அறிகிறது. 2013-இல் கட்டானியா வெளியிட்ட முடிவு இது.

ரோந்தின் நேர ஒழுங்கைப் பார்த்தால் தொழிற்சாலை ஷிப்ட் தோற்றுவிடும். ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை, பிறகு புல்லும் சருகும் பரப்பிய கூட்டுக்குத் திரும்பி ஏறத்தாழ நான்கு மணி நேரம் உறக்கம். ஒரு நாளைக்கு மூன்று சுற்று. இரவு பகல் பேதமில்லை. தன் எடையில் பாதிக்கு மேல் தினமும் தின்ன வேண்டியிருப்பதால், பட்டினியாக நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. மண்புழுவைப் பிடித்ததும் உடனே கடித்து விழுங்குவதில்லை. இரண்டு கைகளுக்கும் நடுவே அதை இழுத்து உருவி, குடலிலுள்ள மண்ணைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டுத் தின்கிறது. பல்லைத் தேய்க்கும் மணலைத் தவிர்க்கும் சாமர்த்தியம் இது.

வசதியான பருவத்தில், தின்றது போக மிஞ்சிய புழுக்களைச் சேமித்தும் வைக்கிறது. புழுவின் தலைப்பகுதியைக் கடித்துவிட்டால் அது சாகாது. ஆனால் மண்ணைத் துளைத்துக்கொண்டு தப்பிக்கவும் முடியாது. இப்படி முடமாக்கிய புழுக்களைக் கூட்டுக்கு அருகிலுள்ள அறைகளில் அடைத்துவைக்கிறது. ஒரே சேமிப்பில் 470 புழுக்கள் கண்டெடுக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. உயிரோடு இருப்பதால் அழுகாது. குளிர் விலகுவதற்குள் தின்னாமல் விட்டால் சில புழுக்கள் தலைப்பகுதியை மறுபடி வளர்த்துக்கொண்டு நழுவிவிடுவதும் நடக்கும்.

குளிர்காலத்தில் முள்ளெலி உறங்கிவிடும். அகழெலிக்கு அந்தச் சலுகை இல்லை. அது வேறொரு தந்திரம் செய்கிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அருங்காட்சியக மண்டையோடுகளை மாதவாரியாக அளந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பிய அகழெலியின் மண்டையோடு குளிர்காலத்துக்குள் 11 சதவீதம் சுருங்கி, வசந்தத்துக்குள் 4 சதவீதம் திரும்ப வளர்கிறது என்று தெரிந்தது. மூளை செலவு பிடிக்கும் உறுப்பு. அதைக் குறைத்தால் சாப்பாட்டுத் தேவை குறையும். மிதமான குளிரும் வறண்ட கோடையும் உள்ள நிலத்தில் வாழும் ஐபீரிய அகழெலி இப்படிச் சுருங்கவில்லை. அங்கே உணவு தட்டுப்படுவது கோடையில்; கோடையிலும் அது சுருங்கவில்லை. ஆகவே உணவுப் பஞ்சத்தைவிடக் குளிர்தான் இந்தச் சுருக்கத்தைத் தூண்டுகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இனப்பெருக்கம்தான் இந்த விலங்கின் தனிமை கலையும் ஒரே சமயம். வசந்தத்தில் ஆண்கள் தங்கள் எல்லையை விட்டு நீளமாக, நேர்கோடாகச் சுரங்கம் வெட்டிக்கொண்டு பெண்களைத் தேடிப் போகின்றன. நான்கு வாரச் சினைக்காலம். மூன்று நான்கு குட்டிகள், மயிரற்று, மூன்று நான்கு கிராம் எடையில் பிறக்கும். மூன்று வாரங்களில் கண் திறக்கும். ஐந்தாறு வாரங்களில் பால் மறந்துவிடும். அதன் பிறகு தாய் வைத்திருக்காது. கோடையின் தொடக்கத்தில் இளசுகள் இடம் தேடித் தரைக்கு மேலே கிளம்பும்போதுதான் ஆந்தைகளும் பருந்துகளும் நாரைகளும் நரிகளும் காத்திருக்கின்றன. மண்ணுக்குள் அசைக்க முடியாத விலங்கு, வெளியே வந்தால் எளிய இரை. தப்பியவை மூன்று ஆண்டுகள் வாழலாம். ஆறு ஆண்டுகளைத் தொடுபவை அரிது.

பெண் அகழெலிகளைப் பற்றி ஒரு செய்தி, நேரடியாகக் கேட்கப்படாவிட்டாலும், சொல்லாமல் விட மனமில்லை. டால்பா பேரினத்தில் பெண்களின் சூலகத்தோடு விந்தகத் திசுவும் சேர்ந்தே வளர்கிறது. அதில் விந்தணு உண்டாவதில்லை. டெஸ்டோஸ்டீரோன் மட்டும் சுரக்கிறது. குட்டி போடுவதில் எந்தக் குறையும் இல்லை. பெர்லின் ஆய்வுக் குழு ஒன்று 2020-இல் ஐபீரிய அகழெலியின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து இதன் மூலத்தைக் கண்டது: மரபணுக்கள் பெரிதாக மாறவில்லை, அவற்றை இயக்கும் பகுதிகள் இடம் மாறியும் பிரதியெடுக்கப்பட்டும் இருந்தன. ஆண் ஹார்மோன் தயாரிப்பில் பங்குள்ள ஒரு மரபணுவின் பகுதி மும்மடங்காகியிருந்தது. அதே மாற்றத்தைச் சுண்டெலிகளில் செய்து பார்த்தபோது பெண் சுண்டெலிகளின் பிடி வலுத்தது. தோண்டவும் எல்லையைக் காக்கவும் ஆணுக்கு இணையான தசை பெண்ணுக்கும் தேவைப்படும் வாழ்க்கையில் இதன் பயன் என்ன என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தாழ்வான, வெள்ளம் தேங்கும் நிலங்களில் மட்டும் கட்டுமானம் மாறுகிறது. அங்கே வழக்கமான மேடுகளைவிடப் பல மடங்கு பெரிய குன்று ஒன்றை எழுப்பி, நிலத்தடி நீருக்கு மேலே இருக்குமாறு கூட்டை அதற்குள் வைக்கிறது. ஆங்கிலேயர்கள் இதைக் கோட்டை என்றே அழைக்கிறார்கள். கழிவிடமும் கூட்டை ஒட்டியே இருக்கும். ஹெபெலோமா ராடிகோசம் என்னும் காளான் ஒன்று வேர் போன்ற நீண்ட காம்பை அந்தக் கழிவிடம் வரை இறக்கி, மேலே தலைகாட்டும். ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த ஆய்வாளர் நவோஹிகோ சகாரா 1970-களில் இந்தக் காளானின் அடியைத் தோண்டிப் பார்த்துத்தான் அகழெலிக் கூடுகளைக் கண்டறிந்தார். காளான் மரவேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்துவது. ஆக, அகழெலியின் கழிவு மரத்துக்கு உரமாகிறது, கூடும் சுத்தமாகிறது.

மனிதர்களோடு இதற்கு உள்ள வழக்குகள் பழையவை. 1702-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியமின் குதிரை அகழெலி மேட்டில் இடறியது. விழுந்த மன்னருக்குக் காறை எலும்பு முறிந்து, சில நாள்களில் இறந்தார். அவரது எதிரிகளான ஜேகபைட்டுகள் ‘கறுப்பு வெல்வெட் அணிந்த சின்னக் கனவானுக்கு’ வாழ்த்துச் சொல்லிக் கோப்பை உயர்த்தினார்கள். விவசாயிகளின் புகார் இன்னும் நியாயமானது. மேட்டு மண் அறுவடை இயந்திரத்தின் கத்தியைக் கெடுக்கும். புல்லோடு கலந்து சேமிப்புத் தீவனத்துக்குள் போனால் லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் பெருகிக் கால்நடைகளை நோய்க்குள்ளாக்கும். மறுபுறம், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் எபியாக்கம் என்னும் ரோமானியக் கோட்டை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அங்கே அனுமதியின்றி யாரும் தோண்டக்கூடாது. அகழெலிக்குச் சட்டம் தெரியாது. அது வெளியே தள்ளிய மண்ணைத் தன்னார்வலர்கள் சலித்துப் பார்த்து மட்பாண்டத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள்.

கடைசிக் கேள்வி: விரட்ட வழி உண்டா? அதிர்வு எழுப்பும் கருவிகளை நிலத்தில் நட்டுவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றைச் சோதித்து, அகழெலிகள் பொருட்படுத்தவில்லை என்றே கண்டது. அந்துருண்டை, பூண்டு, உடைந்த கண்ணாடி போன்ற வைத்தியங்களுக்கு வாய்மொழியைத் தவிர ஆதாரம் இல்லை. கண்ணாடி வைப்பது கொடுமையும்கூட. ஸ்ட்ரைக்னின் நஞ்சு கலந்த புழுக்களை இடும் பழைய முறை பிரிட்டனில் 2006-இல் தடை செய்யப்பட்டது. எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது சுரங்கத்துக்குள் வைக்கும் பொறி. அனுபவமுள்ளவர்கள் அதை மேட்டில் வைக்கமாட்டார்கள். இரண்டு மேடுகளுக்கு இடையில் குச்சியால் குத்திப் பார்த்து, தினமும் ரோந்து நடக்கும் நிலையான சுரங்கத்தைக் கண்டுபிடித்து அங்கே வைப்பார்கள்.

பொறியில் அது விழுந்துவிட்டாலும் வேலை முடிந்ததாகாது. ஒவ்வொரு அகழெலியும் தன் சுரங்கத்தில் வாசனைச் சுரப்பால் அடையாளமிட்டுக்கொண்டே போகிறது. அந்த வாசனை புதுப்பிக்கப்படாமல் மங்கினால் பக்கத்து அகழெலிக்குச் செய்தி போய்விடும். சில சமயம் சில மணி நேரத்திலேயே குடியேறிவிடும். உழைத்து வெட்டிய நூறு மீட்டர் சுரங்கம் இலவசமாகக் கிடைக்கும்போது யார்தான் விடுவார்கள்? சுற்றிலும் காடோ மேய்ச்சல் நிலமோ இருந்தால் ஆண்டுதோறும் இதே கதை தொடரும். ஆகவே விளையாட்டு மைதானம், விமான ஓடுதளம், தீவனப் புல்வெளி என்றால் மட்டும் தொழில் தெரிந்த ஒருவரை அழைப்பது சரி. வீட்டுப் புல்வெளிக்கு என் ஆலோசனை வேறு: மேட்டு மண்ணை வாரித் தொட்டிச் செடிகளுக்குப் போடுங்கள், கல் இல்லாத நல்ல சன்ன மண் அது. மேட்டைக் காலால் மிதித்து அமுக்காதீர்கள். அடியிலுள்ள வழி இறுகினால் அது பக்கத்தில் புதிதாக ஒன்றைத் திறக்கும். வலை அமைந்து முடிந்ததும் மேடுகள் தாமாகவே குறையும்.